சனிக்கிழமையும் அஷ்டமியும்: ஜவ்வாது மலையின் வார இறுதி

வாரச் சந்தையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஜவ்வாது மலையில் ஊருக்கெல்லாம் பொதுவாக வாராவாரம் நடக்கிற நிகழ்ச்சி ஒன்று உண்டு. காவலூர் வானாய்வகத்தின் சனிக்கிழமை. பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணி வரை பெரிய தொலைநோக்கியைச் சுற்றிப் பார்க்கலாம். இருட்டிய பிறகு 7 மணியிலிருந்து 10 மணி வரை 6 அங்குலத் தொலைநோக்கியில் வானத்தைப் பார்க்கலாம். வானம் மனது வைத்தால்!

பல வருஷமாக இருந்துவரும் ஏற்பாடு இது. (நேரமும் விதியும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். கிளம்பும் முன், வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மலை ஏறின பிறகு பூட்டின கேட்டைப் பார்த்துப் புலம்பிப் பயனில்லை.)

முதலில் இடம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதிதான் ஜவ்வாது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களுக்குப் பங்கு போட்டுக் கிடக்கிறது. 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது காவலூர் திருப்பத்தூர் பக்கம் போயிற்று. மலையின் முக்கிய ஊரான ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆக, காலையில் ஒரு கலெக்டரின் ஏரியில் படகு விட்டு, மாலையில் இன்னொரு கலெக்டரின் எல்லையில் நிலா பார்ப்பதுதான் இங்கே வார இறுதி.

சனிக்கிழமை காலை பெரும்பாலும் ஜமுனாமரத்தூரில் கழியும். போளூரிலிருந்து ஏறுகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி நேராக இங்கேதான் வந்து சேர்வார்கள். கோலப்பன் ஏரியில் படகு, பக்கத்தில் பூங்கா, கடைத்தெருவில் தேனும் சாமையும். பலாக் காலமாக இருந்தால் ரோட்டோரம் முழுக்கப் பலாப்பழம். இதெல்லாம் அரை நாள் வேலை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பைக்கில் வருகிற கூட்டம் ஏரிக்கரையில் நாலு படம் எடுத்துக்கொண்டு, பீமன் அருவிக்குப் போய்த் தண்ணீர் இல்லையே என்று அலுத்துக்கொண்டு திரும்பிவிடும். (மழை முடிந்த கையோடு வந்தால்தான் அது அருவி. சித்திரையில் வந்தால் பாறைதான்.) மலை ராத்திரியில்தான் விசேஷம் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

காவலூருக்கு வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறுவது வழக்கம். ஜமுனாமரத்தூரிலிருந்தும் காட்டுச் சாலை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம், சுமார் 100 ஏக்கர் காட்டு நிலம். பாம்பும் தேளும் அங்கே விருந்தாளி இல்லை, குடித்தனக்காரர்கள். இருட்டில் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இந்தக் காட்டில் போய் ஏன் தொலைநோக்கி?

கதை கோடைக்கானலில் தொடங்குகிறது. 1960இல் அங்கிருந்த வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றவர் வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்தவர். அப்பாவும் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். ஹார்வர்டில் படிக்கும்போதே 1949இல் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்து, அதில் தன் பெயரும் சேரப் பெற்றவர். கோடைக்கானல் சூரியனைப் பார்க்கத் தோதான இடம். நட்சத்திரம் பார்க்கத் தோதில்லை. மேகம் வந்து கெடுத்துவிடும். ராத்திரி வானத்துக்கென்று தனியாக ஓர் இடம் தேடியபோதுதான் காவலூர் அகப்பட்டது. பெரிய ஊர் எதுவும் பக்கத்தில் இல்லை. அதைவிட முக்கியம், அட்சரேகை. வடக்கே ஏறத்தாழ 12½ பாகையில் இருப்பதால் வட வானமும் தெரியும், தென் வானத்திலும் பெரும்பகுதி தெரியும்.

1968இல் வேலை தொடங்கியது. முதல் தொலைநோக்கி 38 சென்டிமீட்டர்தான். கோடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. வந்த வருஷமே அது பெயர் வாங்கிவிட்டது: வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, நட்சத்திர ஒளி மங்கிய விதத்தை வைத்து, அங்கே மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற தடயம் கிடைத்தது. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் கோள் வேறொரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் ஒருமுறை மங்கி மீண்டது காவலூரில் பதிவாயிற்று. அதே நாள் விமானத்தில் பறந்தபடி ஓர் அமெரிக்கக் குழுவும் பார்த்துக்கொண்டிருந்தது. யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

பிற்பகல் பார்வையாளர்களுக்குக் காட்டப்படுவது இதற்கெல்லாம் பெரியண்ணன்: 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. வடிவமைத்ததும் கட்டியதும் இந்தியாவிலேயே. கண்ணாடிக்கான கட்டி ஜெர்மனியிலிருந்து வந்தது, தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில். பாப்பு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1982 ஆகஸ்ட் 19இல் மியூனிக்கில் காலமானார். 1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து தொலைநோக்கியைத் தொடங்கிவைத்தார். தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

இந்த இடத்தில்தான் வருகிறவர்களில் பலருக்கு முகம் சுண்டிப்போகும். குவிமாடத்துக்குள் நுழைந்து, அண்ணாந்து பார்த்து, உடனே கேட்கிற கேள்வி: "இதுல எங்க கண்ணை வெச்சுப் பார்க்கணும்?"

எங்கேயும் இல்லை. அதில் கண் வைத்துப் பார்க்கிற குழாயே கிடையாது. கண்ணாடி திரட்டும் ஒளி நேராகக் கேமராவுக்குப் போகும், அல்லது ஒளியிழை வழியாக வேறொரு அறையில் இருக்கும் நிறமாலைக் கருவிக்குப் போகும். வானியலாளர்கள் எதிரே இருப்பது கணினித் திரை. சினிமாவில் வருகிற மாதிரி விஞ்ஞானி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்ப்பதெல்லாம் பழைய கதை. இதில் ஏமாறுவதற்கு ஒன்றுமில்லை. கண் ஒரு விநாடிக்குள் எவ்வளவு ஒளியைப் பிடிக்குமோ அவ்வளவுதான் பிடிக்கும். கேமரா மணிக்கணக்கில் சேர்த்துவைக்கும். மிக மங்கலானதைப் பார்க்கக் கண் லாயக்கில்லை.

(பெரியதுதான் சாதிக்கும் என்றும் இல்லை. 1988 பிப்ரவரி 17இல் ஆர். ராஜமோகன் இங்கே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்குப் பயன்பட்டது 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி. குறுங்கோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர். அந்தத் தேடுதல் திட்டத்தின் பெயர் கல்கி. எழுத்தாளர் இல்லை, அவதாரம்.)

5 மணிக்கும் 7 மணிக்கும் நடுவே இருக்கிற இரண்டு மணி நேரம் நிகழ்ச்சியில் சேராது. ஆனால் அதுதான் மிக உபயோகமான நேரம். கையோடு கொண்டுவந்த புளிசாதத்தை அப்போதே முடித்துக்கொள்ளலாம். அதைவிட, வெளிச்சம் வடிந்து கண் பழகுவதற்கும் அந்த அவகாசம் வேண்டும்.

கண்ணுக்கு இருட்டு பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பாவை விரிவது சீக்கிரம் நடந்துவிடும். விழித்திரையில் மங்கல் ஒளியை உணரும் ரொடாப்சின் என்ற நிறமி மீண்டும் சேர்வதற்குத்தான் அத்தனை நேரம். அரை மணி காத்திருந்து சேர்த்ததை, பக்கத்தில் ஒருவர் செல்போன் டார்ச்சைப் போட்டால் ஒரு நொடியில் இழக்க வேண்டியதுதான். அந்த நிறமி சிவப்பு ஒளிக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது. அதனால்தான் வானம் பார்க்கிறவர்கள் மங்கிய சிவப்பு விளக்கோடு அலைகிறார்கள்.

சொன்னாலும் கேட்பதில்லை. வரிசையில் பத்துப் பேர் நின்றால் மூன்று பேர் கையில் திரை ஒளிர்கிறது. குழாயின் வாயில் செல்போன் வைத்து நிலாவைப் படமெடுக்க ஒருவர், அவரை எடுக்க இன்னொருவர். இத்தனைக்கும் எல்லாரும் நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தது இருட்டைத் தேடித்தான்.

6 அங்குலம் என்பது சின்ன விஷயமில்லை. நன்றாக விரிந்த கண்பாவையின் குறுக்களவு 7 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 6 அங்குலத் தொலைநோக்கி அதைப் போல 450 மடங்குக்கும் மேல் ஒளியைத் திரட்டும். (வைணு பாப்பு தொலைநோக்கி இந்த 6 அங்குலத்தைப் போல 230 மடங்குக்கு மேல் திரட்டும் என்பது வேறு கதை.)

குழாயில் கண் வைத்தவுடன் ஒன்றும் தெரியாது. இது எல்லாருக்கும் நடப்பது. கண் சரியான தூரத்தில், சரியான நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் வெறும் கறுப்பு. உடனே கை தானாகப் போய்க் குழாயைப் பிடிக்கும். பிடித்தால் போயிற்று. நல்ல உருப்பெருக்கத்தில் ஒரு விரல் பட்டாலே சனி கோள் பார்வைக்கு வெளியே ஓடிவிடும். பணியாளர் மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும், பின்னால் நிற்கிற வரிசை பெருமூச்சு விடும். யாரும் தொடாவிட்டாலும் பூமி சும்மா இருப்பதில்லை. அது சுழல்வதற்கு ஈடாகத் தொலைநோக்கியை மோட்டார் திருப்பிக்கொண்டே இருக்காவிட்டால், ஒருவர் பார்த்து முடிப்பதற்குள் கோள் விளிம்பைத் தாண்டிவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவதுதான் தொழில் சுத்தம்.

வியாழன் தெரிகிற மாதங்களில் வந்தால் அதன் மேல் இரண்டு பழுப்புப் பட்டைகளும், பக்கத்தில் ஒரே வரிசையில் நான்கு புள்ளிகளும் தெரியும். சில ராத்திரி மூன்றுதான் இருக்கும். ஒன்று கோளுக்குப் பின்னால் போயிருக்கும். அந்த நான்கில் ஒன்று கானிமீட். 1972இல் இதே வளாகத்தில் மடக்கிய ஆசாமி.

சனியின் வளையம்தான் கூட்டத்துக்குப் பிடித்த காட்சி. அது எப்போதும் ஒரே மாதிரி இருக்காது என்பதைச் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டி நின்றது. அந்த வருஷம் பார்த்தவர்களுக்கு வளையத்துக்குப் பதில் ஒரு கோடுதான் மிச்சம். அது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து 2032 வாக்கில் முழு விரிவுக்கு வரும்.

நெபுலாக்கள் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போவது நல்லது. படங்களில் செக்கச் செவேல் என்றிருக்கும் ஓரியன் நெபுலா, கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும். மங்கலான ஒளியில் நிறம் பிரிக்கும் வேலையைக் கண் நிறுத்திவிடுகிறது. ஆனால் அந்தப் புகைக்கு நடுவே நான்கு சின்ன நட்சத்திரங்கள் ஊசிமுனை மாதிரி நிற்கும். அவை அங்கே புதிதாகப் பிறந்தவை. படத்தைவிட இது மேல்.

தொலைநோக்கி வரிசை நீளமாக இருந்தால் அண்ணாந்து பார்த்தாலும் போதும். ஜாதகத்தில் மட்டும் படித்த பெயர்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஜனவரி மாத முன்னிரவில் கார்த்திகைக் கூட்டம், அதன் கிழக்கே சிவந்த ரோகிணி, அதற்கும் கிழக்கே திருவாதிரை. பிப்ரவரியில் தெற்கே தாழ்வாக அகத்தியர் நட்சத்திரம். சித்திரை, வைகாசி வாக்கில் வடக்கே சப்தரிஷி மண்டலம். கல்யாணத்தில் பட்டப்பகலில் மண்டப வாசலில் நின்று புரோகிதர் கைகாட்ட, "தெரியுது" என்று மாப்பிள்ளை புளுகும் அருந்ததி அங்கேதான் இருக்கிறது. வசிஷ்டரும் அருந்ததியும் வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிவார்கள். தொலைநோக்கியை வைத்தால் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். அதே மே மாதத்தில் திரும்பித் தெற்கே பார்த்தால் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே தென் சிலுவை. லண்டன்காரருக்கு அது கிடையாது. துருவ நட்சத்திரம் வடக்கே சுமார் 12 பாகை உயரத்தில்தான் இருக்கும் என்பதால் மரம் மறைக்காத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும்.

எந்தச் சனிக்கிழமை போவது?

நாள்காட்டியில் கிழமையைப் பார்த்தால் போதாது. திதியையும் பார்க்க வேண்டும். பௌர்ணமிச் சனிக்கிழமையைப் போல மோசமான தேர்வு இல்லை. நிலா மற்றதையெல்லாம் விழுங்கிவிடும், தானும் தட்டையாகத் தெரியும். சூரிய ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழல் இருக்காது. நிலாவைப் பார்க்க வளர்பிறை சப்தமி, அஷ்டமி சரியான காலம். இருளும் ஒளியும் சந்திக்கிற கோட்டில் சாய்வாக ஒளி விழுந்து, ஒவ்வொரு வட்டப்பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட அஷ்டமிக்கு இங்கே நல்ல மரியாதை. நட்சத்திரம்தான் வேண்டும் என்றால் அமாவாசையை ஒட்டி. எந்த மாதமானாலும் அமாவாசைக்கு மூன்று நாளுக்குள், முன்னாலோ பின்னாலோ, ஒரு சனிக்கிழமை விழுந்தே தீரும். கணக்கு அப்படி.

பௌர்ணமிக்கு மலையடிவாரத்தில் வேறு வேலை இருக்கிறது. அன்று திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம். கலசப்பாக்கம் பக்கம் பர்வதமலையில் நிலா வெளிச்சத்தில் ஏறுகிறவர்கள் கூட்டம். கடப்பாரைகளையும் சங்கிலிகளையும் பிடித்துக்கொண்டு செங்குத்துப் பாறையில் ஏற வேண்டிய மலை அது. வானியலாளர் வெறுக்கிற ராத்திரி பக்தருக்கு உகந்த ராத்திரி.

மாதக் கணக்கும் உண்டு. ஜனவரியிலிருந்து மே வரை வானம் பெரும்பாலும் தெளிவு. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் வந்துவிடும், அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை. பள்ளிக்கூட லீவும் வானமும் ஒத்துவருவது ஏப்ரல், மே மாதங்களில்தான். மேகம் மூடிவிட்டால் இரவு நிகழ்ச்சி இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூங்கி எழுந்து, தேன் வாங்கி, இறங்கிப் போவது. மலைக்காரர்களுக்கோ ஞாயிறு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. இங்கே பெரும்பான்மையாக இருக்கிற மலையாளிப் பழங்குடியினரின் (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை) திருவிழாவும் ஊர்க்கூட்டமும் வெள்ளாமையை ஒட்டி வரும். ஆடி வாக்கில் சாமை விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் அறுத்து, களம் காலியான பிறகுதான் கொண்டாட்டத்துக்குக் கை ஓயும். வார இறுதியை நிஜமாகவே எதிர்பார்த்திருப்பவர்கள் அரசு உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்கு அது வீட்டுக்குப் போகிற நாள்.

வெளியூர்க் கூட்டமும் மலைக்காரர்களும் ஒரே இடத்தில் கலப்பது கோடை விழாவில். திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகம் ஜமுனாமரத்தூரில் நடத்தும் விழா இது. வழக்கமாக இரண்டு நாள். துறைவாரியாக அரங்குகள், கலை நிகழ்ச்சி, விளையாட்டுப் போட்டி, நலத்திட்ட உதவி, மேடை நிறையப் பேச்சு. பேச்சைக் குறைத்துவிட்டுச் சாமை அரங்குக்குப் பக்கத்தில் நாலு அடுப்பு கூட வைக்கலாம். வருகிறவர்கள் உருப்படியாக எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஏலகிரியிலும் கோடை விழா உண்டு, ஆனால் அது திருப்பத்தூர் மாவட்டத்துக் கணக்கு. பொங்கலை ஒட்டி அடிவாரத்து ஊர்களில் எருது விடும் விழா நடக்கும். மாட்டை அடக்குவதில்லை, குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் ஓடிக் கடக்கிற எருதுக்குப் பரிசு.

கடைசியாக ஒரு நடைமுறைச் சங்கதி. காவலூர் இருட்டு முன்பு இருந்த இருட்டு இல்லை. அடிவாரத்து ஊர்கள் எல்லாம் வளர்ந்துவிட்டன. தெருவிளக்கு எல்லாம் எல்இடி. அடிவானத்தில் அவற்றின் வெளிச்சம் வெளிறிப் படர்கிறது. மங்கிய பொருள்களை ஆராயும் வேலையில் பெரும்பங்கு இப்போது லடாக்கின் ஹன்லேயில் நடக்கிறது. அங்கே அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 2022இல் ஹன்லேயைச் சுற்றி இருள் வான் காப்பகமும் அறிவித்தார்கள். காவலூருக்கு ஓய்வு கொடுத்துவிடவில்லை. 2014இல் இங்கே 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று புதிதாகச் சேர்ந்தது. 1 மீட்டர் ஸைஸ் 2022இல் பொன்விழா கண்டது.

மலை மேல் தங்கும் விடுதி நடத்துகிறவர்கள் வாசல் விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினால் பாதிச் சங்கடம் தீரும். செலவும் அதிகம் ஆகாது. இரவு 10 மணிக்கு மேல் கீழே இறங்கப் பேருந்தை நம்ப முடியாது. சொந்த வண்டியில் வருகிறவர்கள் வளாகத்துக்குள் நுழையும்போதே முகப்பு விளக்கைத் தணித்துவிட வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் அரை மணி நேரமாகக் கண்ணைப் பழக்கி வைத்திருப்பார்கள்.